இலந்தைக்குக் காவல்

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இப்போது ஒட்டு இலந்தையைத் தள்ளுவண்டியில் குவித்து விற்கிறார்கள். ஒவ்வொன்றும் முட்டை அளவு. யாராவது வாங்கி நீட்டினால், பல் கூசும் என்று சொல்லி விலகிக்கொள்வேன். பல்லெல்லாம் கூசாது. ஆத்திரம்தான்.

நான் அஞ்சாம் வகுப்பு முடித்த கோடை அது. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். நடக்க நான் தயார். அந்த நேரம் பார்த்துத்தான், பழத்தோட்டத்தில் வேலை பார்த்த மாமா வந்து, எங்கள் புஞ்சையில் நின்ற காட்டு இலந்தையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் போட்டார். சுண்டைக்காய் அளவே காய்த்தாலும் நாங்கள் தின்ற மரம். அது துளிர்த்து வந்ததும், ஒரு கிளையில் பட்டையைக் கீறி, பெரிய காய் காய்க்கிற இலந்தையிலிருந்து சீவி எடுத்த மொட்டை உள்ளே செருகி, வாழைநாரால் கட்டினார். அந்த மொட்டுக்குக் 'கண்' என்று பேர் சொல்வார்.

"கீழருந்து காட்டுத் துளிர் கெளம்பும், மருமகளே. வந்த அன்னைக்கே ஒடிச்சிரு. ஆடு வாய் வச்சா அம்புட்டுதேன்."

"பள்ளிக்கூடம் தெறந்துருவாங்களே, மாமா?"

"ஒட்டு பிடிக்கட்டும். நானே கூட்டிப்போய்ச் சேத்துவிடுறேன்."

பள்ளிக்கூடம் திறந்தது. தம்பி பையைத் தூக்கிக்கொண்டு போனான். நான் கம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த ஒட்டு பிடிக்க வேண்டும் என்று என்னைப்போல் யாரும் சாமியைக் கும்பிட்டிருக்க மாட்டார்கள். ஆட்டை விரட்டினேன். முள் கிழிக்கக் கிழிக்கத் துளிரை ஒடித்தேன்.

கண் முளைவிட்ட அன்று மாமாவை இழுத்துவந்து காட்டினேன். கூடவே ஐயாவும் வந்தார்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"பிடிச்சிருச்சே!" என்றார் மாமா.

"நாளைக்குப் போவமா?"

"கூறுகெட்டவளே, இனிமேத்தேன் காவலே. காய்ச்சா ஊரே வந்து நிக்கும்ல?"

ஐயா சிரித்தார். "கையெழுத்துப் போடத் தெரியுதுல்ல? போதும்த்தா."

அவர்கள் போன பிறகு மண்ணை வாரி அந்த ஒட்டின்மேல் வீசினேன். "ஒன்னாலதேன், ஒன்னாலதேன்" என்று தொண்டை கட்டும் வரை திட்டினேன். காய்க்க ஆரம்பித்தும் ஒரு பழம் தின்னவில்லை.

மண்ணை வீசிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மாமாவுக்கும் ஐயாவுக்கும் கை கழுவச் செம்பில் தண்ணீர் மோந்து கொடுத்தேன். அவர்கள்மேல் கோபப்படலாம் என்றே எனக்குத் தெரியாது.