சாப்பாட்டுக்குப் பின் வரும் முதல் பாட்டில்

கோபம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வாரம் முழுக்க அக்ரஹாரத்து வீட்டிலிருந்து நஞ்சன்கூடு தொழிற்சாலைக்கு வெறும் காபியோடுதான் போய்வந்தேன். யார்மேல் கோபம் என்று தெரிந்தது கடைசி நாளில்தான்.

சிரப் பாட்டில்களுக்கு மூடி போடும் மெஷின் அது. அதை ஓட்டுவது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கும் புரோகிராம் பல வருடமாக என் பொறுப்பு. சில நாள், மதியச் சாப்பாடு முடிந்து பெல்ட் ஓடத் தொடங்கியதும் கம்ப்யூட்டர் உறைந்துவிடும். பெல்ட் நிற்காது. ஆபரேட்டர் சிவப்புப் பட்டனை அமுக்குவதற்குள் பாட்டில்கள் குவிந்து உடையும்.

ஆபரேட்டர், எல்லையோரக் கௌதள்ளி கிராமத்துப் பெண், ஒப்பந்த வேலை. அந்தக் கூடத்தில் என்னோடு தமிழ் பேசியவள் அவள் ஒருத்திதான்.

"ஊட்டா ஆத்மேலெ நித்தே," என்றார் சூப்பர்வைசர் கன்னடத்தில். சாப்பிட்டதும் தூக்கமாம். பாட்டில் சிக்கியதை அவள் பார்க்கவில்லை, அதனால்தான் கம்ப்யூட்டர் நின்றதாம்.

அவள் என்னிடம் வந்தாள். "நான் தூங்குலீங்க அக்கா. திரை மொதல்ல நின்னுச்சுங்க. அப்புறந்தான் பாட்டில் உழுந்துச்சு."

நான் தலையாட்டினேன். பிறகு, புரோகிராமில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை போட்டேன். மூன்றாவது முறை பாட்டில் உடைந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவளிடத்துக்கு வந்த ஆள் மூன்றாம் நாளே, சாப்பாட்டுக்குப் பின், அதே போல உறைந்த திரை முன்னால் முழித்துக்கொண்டு நின்றார். அவர் தூங்கினார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஆம்பளை தூங்கமாட்டான் போலிருக்கிறது! பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் போய் என் புரோகிராமைத் திறந்தேன்.

விஷயம் இதுதான். பாட்டில் வந்ததும் சென்சார் கம்ப்யூட்டரைக் குறுக்கிடும்: மற்றதை விடு, இதைக் கவனி. அதற்குப் பதில் சொல்லும் சின்னத் துண்டு எப்போதும் மெமரியிலேயே இருக்க வேண்டும். மெமரி போதாதபோது அந்தப் பழைய சிஸ்டம் சும்மா கிடப்பதையெல்லாம் டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். மற்ற வேலைகள் காத்திருந்து எடுத்துக்கொள்ளும். குறுக்கீடு காத்திருக்காது, அந்த நொடியில் டிஸ்க்கைத் தேடப் போனால் எல்லாமே உறைந்துவிடும். ஆகவே அந்தத் துண்டையும், அது தொடும் ஒவ்வொரு எண்ணையும் நகராதபடி மெமரியில் பூட்டி வைக்க வேண்டும்.

பூட்டியிருந்தேன். மேலே கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பும் வைத்திருந்தேன்: எல்லாம் பூட்டியாச்சு, கை வைக்காதே. அதற்கப்புறம், பாட்டில் அளவுக்கு ஏற்ற நேர அட்டவணை ஒன்று வேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்க, நானே சேர்த்தேன். குறுக்கீட்டுத் துண்டு அதைத்தான் பார்க்கும். அதைப் பூட்டவில்லை. ஒரே ஒரு வரி விட்டுப்போயிற்று. ஒவ்வொரு முறை தேடும்போதும் என் குறிப்பை நானே நம்பி அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

சில நாள் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் அதே கம்ப்யூட்டரில் காலைக் கணக்கு அறிக்கை எடுப்பார். அது மெமரியை அடைத்துக்கொள்ளும். அட்டவணை டிஸ்க்குக்குப் போகும். பெல்ட் ஓடும், முதல் பாட்டில் வரும். என் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் மெமரி தாராளம். அங்கே ஒரு நாளும் நின்றதில்லை.

திரை மொதல்ல நின்னுச்சு என்று அவள் சொன்னாளே. இதைவிட எப்படிச் சொல்வது? படித்த கழுதை நான், காதில் வாங்கவில்லை.

அந்த வரியைச் சேர்த்தேன். தவறு என்னுடையது, ஆபரேட்டருடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, சரியாயிடுச்சில்ல, விடுங்க மேடம் என்று கன்னடத்தில் சொன்னார். அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்றாம். நான் கத்தினேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. தப்பு என் புரோகிராமில்தான் என்று சொல்லி முடித்தேன்.

"அப்ப நான் தூங்குலீங்களா அக்கா?" என்று கேட்டாள். "எல்லாரும் சொல்லச் சொல்ல நானே நம்பிட்டனுங்க. வூட்லகூட, கண்ணசந்துட்டேன்னுதான் சொல்லியிருக்கறேன்."