வாளிக்கு விழுந்த ஓட்டு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தத் தெருவில் 'வாளி அண்ணன்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஓடாத மின்விசிறிக்கும் மிக்சிக்கும் காயில் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். கட்சி வேலை பார்ப்பது அவர் உயிர். தொழிலில் சம்பாதித்ததைக் கட்சியில் கொண்டுபோய்ப் போட்டார். கட்சியில் சம்பாதித்தது அந்தப் பட்டப்பெயர் ஒன்றைத்தான். கட்சியின் சின்னம் வாளி.

ரொம்பச் சின்னக் கட்சி. ஒரு காலத்தில் சட்டசபையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அது இரண்டாகி, ஒன்றாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கடைசியில் கட்டெறும்பும் இல்லை. பெரிய கட்சிகள் கூட்டணிக்குக் கூப்பிடும், மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி போடும், ஜெயித்ததும் கறிவேப்பிலை மாதிரி எடுத்து வெளியே போடும். இது அவருக்குத் தெரியாததல்ல. "நம்ம ஆளு ஒருத்தர் உள்ள போயிட்டா போதும். எழுந்து நின்னு கேள்வி கேக்க ஒரு வாய் வேணும்ல?" என்பார். அந்த ஒரு வாய்க்காகத்தான் இருபத்தைந்து வருஷமாக இந்த மனுஷர் தன் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

பேசினால் மட்டும் போதாது என்று ஒரு மெஷினும் செய்து வைத்திருந்தார். ஒட்டுப்பலகையில் வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னம், உள்ளே பழைய காலிங் பெல்லும் பேட்டரியும். வாளிப் பொத்தானை அமுக்கினால் 'கீ' என்று கத்தும். மற்றதை அமுக்கினால் மூச்சு விடாது, ஏனென்றால் மற்றதற்கு அவர் ஒயரே கொடுக்கவில்லை. தேர்தல் வந்தால் மெஷின் கடை வாசலுக்கு வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், கண் மங்கியவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து, "பேரைப் பாக்காதீங்க. வாளியைப் பாருங்க. சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க. சத்தம் வந்தா சரி" என்று சொல்லிக் கொடுப்பார். தெரு மொத்தமும் பாடம் படித்தது. அந்தத் தொகுதியில் கட்சி ஒவ்வொரு தடவையும் டெபாசிட் இழந்தது. ஆனால் அவர் தெருவில் மட்டும் வாளி நிரம்பியது.

இந்தத் தடவைதான் விதி கண் திறந்தது. கூட்டணியில் கட்சிக்கு ஒரே ஒரு தொகுதி, அதுவும் இவருடைய தொகுதியே கிடைத்தது. வேட்பாளர், மாவட்டச் செயலாளர். கட்சியில் அவரை 'மாவட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கட்சியின் ஓட்டும் சேர்ந்தால் ஜெயிப்பது உறுதி என்று எதிரிகளே பேசிக்கொண்டார்கள். வாளி அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. பாவம், சந்தோஷத்துக்கு அவர் உடம்பு பழகியிருக்கவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? தொடர்ந்து ஓட்டுக் குறைந்ததில் கட்சிக்கு அங்கீகாரம் போயிருந்தது. அதனால் வாளி யார் கேட்டாலும் கொடுக்கக்கூடிய பொதுச் சின்னமாகிவிட்டது. யாரோ ஒரு பேர் தெரியாத குட்டிக் கட்சிக்காரன் அதைக் கேட்டிருந்தான். இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். குலுக்கலில் வாளி அவனுக்குப் போயிற்று. மாவட்டத்துக்குக் கிடைத்தது சீப்பு.

"சீப்பா?" என்றார் இவர், தலையைத் தடவிக்கொண்டு. அந்தத் தலையில் முடி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"விளையாடாதீங்க அண்ணே. ஓட்டுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. மத்த இடத்தை நான் பாத்துக்கறேன், உங்க ஏரியாவை நீங்க மாத்திக் குடுத்துடுங்க" என்றார் மாவட்டம்.

அன்றைக்கே மெஷினைப் பிரித்தார். வாளியின் ஒயரை வெட்டிச் சீப்புக்குக் கொடுத்தார். வாசலில் வைத்து, பக்கத்துக் கடை இஸ்திரிக்கார அம்மாவை முதலில் கூப்பிட்டார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. விரல் நேராக வாளிக்குப் போனது. சத்தம் வரவில்லை. இன்னும் அழுத்தினார். இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிற பலம் முழுக்க விரலில் இறங்கியது.

"தம்பி, உன் மெஷின் கெட்டுப்போச்சு."

"கெடலை அம்மா. இப்ப நாம வாளி இல்ல. சீப்பு."

"அப்ப வாளி யாரு?"

"அது வேற ஆளு."

"வேற ஆளா? வாளின்னா நீதானேப்பா" என்று அந்த அம்மா சிரித்துவிட்டு, அவர் மனம் நோகக் கூடாதென்று சீப்பையும் ஒருமுறை அமுக்கிவிட்டுப் போனார்.

எல்லோரும் அப்படித்தான். அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்கள். "சீப்பு, சீப்பு" என்று குழந்தைகள் மாதிரி ஒப்பித்தார்கள். மறுநாள் வந்து வாளியை அமுக்கிவிட்டு, "இன்னும் ரிப்பேர் பண்ணலையா?" என்றார்கள். ஊரார் மிக்சியையெல்லாம் சரி செய்கிற கைக்குச் சொந்த மெஷின் மட்டும் சரியாகவில்லையே என்று சிலர் பரிதாபப்பட்டார்கள். வீடு வீடாகப் போனார். தொண்டை கட்டியது. அந்தக் குட்டிக் கட்சிக்காரனோ ஒரு நாள்கூடத் தெருவுக்கு வரவில்லை, ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை. அவனுக்குத்தான் இருபத்தைந்து வருஷமாக இவர் பிரசாரம் செய்து வைத்திருந்தாரே!

தேர்தல் அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்த இஸ்திரிக்கார அம்மா சாலையிலிருந்தே கூவினார். "தம்பி! கவர்மெண்டு மெஷின் நல்லா வேலை செய்யுது. வாளியை அமுக்கினேன், கணீர்னு சத்தம் வந்துச்சு. உன்னுதுதான் ரிப்பேர்!"

அங்கே எதை அமுக்கினாலும் சத்தம் வரும் என்று அவர் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. அந்த அம்மாவுக்குப் பின்னால் இன்னும் பலர் அதே சந்தோஷ முகத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். ஓடிப் போய் எதை நிறுத்துவது? வரிசையில் நிற்கிறவர்களிடம் பேசினால் போலீஸ் பிடிக்கும். கடைப் படியில் உட்கார்ந்து, கும்பிடுகிறவர்களுக்கெல்லாம் திருப்பிக் கும்பிட்டார்.

ஓட்டு எண்ணிக்கை அன்று சீப்பு முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றது. முகம் காட்டாத வாளி அதைப் போல மூன்று மடங்கு வாங்கியிருந்தது. மாவட்டம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காரில் ஏறும்போது, "உங்க பூத்துலதான் அண்ணே வாளிக்கு அதிகம். நம்மள யாரோ உள்ளேயே இருந்து கவுத்துட்டாங்க. யாருன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். பெரிய கட்சிக்காரர்கள் அதற்குள் போன இடம் தெரியவில்லை. இனி யாரும் கூட்டணிக்கும் கூப்பிடமாட்டார்கள். கட்சி முடிந்தது என்று அவருக்குப் புரிந்தது. அழுகை வந்தது, தெருவில் எப்படி அழுவது என்று அடக்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி தட்டுப் போட்டுக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை அவளுக்கு. கட்சி என்றாலே எரிந்து விழுவாள். "உங்க வாளி நம்ம வீட்டுல ஒரு செம்புத் தண்ணி மொண்டு ஊத்துச்சா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஒரு தேர்தலிலும் அவருக்குப் போட்டதில்லை, போட்டதாகப் பொய் சொன்னதுமில்லை.

அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். இந்தத் தடவை உங்களுக்குத்தான் போட்டேன்."

அவர் நிமிர்ந்தார். அந்த நாளில் அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான். "நிஜமாவா? சீப்புக்கா?"

"சீப்புன்னு நீங்க தொண்டை கிழியக் கத்தினது தெரியும். ஆனா உள்ள போய்ப் பாத்தா, அந்தச் சீப்பு யாரோ ஒருத்தரு. பக்கத்துல வாளி இருந்துச்சு. எனக்கு உங்க முகம்தான் தெரிஞ்சுது. கல்யாணமான நாள்லேர்ந்து உங்களைத் திட்டிக்கிட்டே இருக்கேன், ஒரு தடவையாவது உங்களுக்குப் போடலாம்னு வாளியிலயே அமுக்கிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "தப்பாங்க?"

யாருன்னு பாத்துச் சொல்லுங்க என்று மாவட்டம் கேட்டிருந்தார். அவர் மனைவியின் கையைப் பார்த்தார். வெந்நீரிலும் சோப்பிலும் ஊறி வெளுத்த விரல்கள்.

"தப்பே இல்ல. எனக்குத்தானே போட்டிருக்க" என்று சொல்லி, அவள் பார்க்கிறாளே என்று ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டு விழுங்கினார்.