திரையில் பச்சையாயிருந்த கடைசி லயம்

எழுதுவது என் வேலை இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் இத்தனை வருடமாக என் தொழில். நாலு பேர் முன்னால் நின்றால் குரல் தொண்டைக்குள்ளேயே தங்கிவிடும். அப்படிப்பட்டவள் பேனா பிடித்தது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய இடத்தில் ஒருமுறை பேசாமல் நின்றேன். அதை எழுதியாவது வைக்கலாம் என்றிருக்கிறேன்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை நாங்கள் லயம் என்போம். கடைசி லயத்தில் என் தம்பி வீட்டுக் கதவின் மேல் மூலையில் உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதில் கறுப்பு மையால் எழுதிய ஓர் எண். ஒட்டியவர் அரசாங்கக் கணக்கெடுப்புக்கு வந்த புள்ளிவிபர மிஸ். தோட்டத்தில் அவருக்கு அதைத் தவிர வேறு பெயர் இல்லை. பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஓர் ஆடி மாதத்தில், காற்று தேயிலையைச் சீவிக்கொண்டு போகும் நாளில், தலையில் முக்காடும் கையில் டேப்லெட்டுமாக வந்து இறங்கினார். முதல் நாள் பளபளவென்று சப்பாத்து போட்டிருந்தார். மூன்றாம் நாள் அதைப் பைக்குள் வைத்துவிட்டு எங்களைப் போல ரப்பர் செருப்போடு ஏறினார். எங்கள் லயங்களுக்கு விலாசம் கிடையாது. எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அதனால் வீடு காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். நான்கு நாட்கள் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

இரண்டாம் நாள், மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும்போது அவர் டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இலங்கை வரைபடம், துண்டு துண்டாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. "இங்க நாங்க பதியிறதெல்லாம் கொழும்புக்குப் போகும் அக்கா. முழு நாட்டுக்கும் ஒரே டேட்டாபேஸ். எங்க தண்ணி இல்ல, எங்க வீடு பழுது, எங்க பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகல்ல, எல்லாம் நிறத்தில தெரியும். சிவப்பு விழுற இடத்துக்குத்தான் முதல்ல திட்டம் போடுவாங்க. பிறகு அது மாறிச்சா இல்லையான்னு இதிலயே பார்ப்பாங்க."

"பொய் சொன்னா அதுக்குத் தெரியுமா மிஸ்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

"அதுக்கு எங்க அக்கா கண்ணு இருக்கு? நாங்க காட்டுறதைத்தான் அது பார்க்கும்," என்றார்.

கடைசி லயத்தில் ஆறு வீடுகள். மலை அதன் முதுகுக்கு நேரே நிற்கிறது. போன மழைக்குப் பிறகு தம்பி வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் மயிரிழை. பிறகு விரல் போகும் அளவு. மேலே நின்ற சவுக்கு மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. எப்போதும் தண்ணீர் வராத இடத்தில் கலங்கலாக ஊற்று கண்டது. தம்பி வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டது. தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். மலை சரியப் பார்க்கிறது என்று ஆறு வீட்டாருக்கும் தெரியும். யாரும் இதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து பெரிய ஆள் வருகிறார் என்றால் லயத்துக்கு வெள்ளை அடித்துவிடுவோம். தோட்டத்தை நடத்தும் துரைமார் லயம் பார்க்க வந்த காலத்திலிருந்து வருகிற பழக்கம். மிஸ் வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வெடிப்பில் களிமண்ணை அப்பினாள். சுண்ணாம்பில் நீலம் கலந்து பூசினாள். அதற்கு மேல் ஒரு முருகன் கலண்டரை மாட்டினாள். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக் கொடுத்தவள் நான். வெட்கம் பாதி, பயம் பாதி. வீடு கெட்டது என்று எழுதிவிட்டால் லயத்தை விட்டு இறக்கிவிடுவார்கள், வேறு வீடு தரமாட்டார்கள் என்பது அவர்கள் பயம்.

தம்பி வீட்டு முறை வந்தபோது மிஸ் திரையைப் பார்த்து வாசித்தார். "சுவர்ல வெடிப்பு, சாய்வு ஏதும் இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மிஸ். பாருங்களேன், கல்யாண வீடு மாதிரி இருக்கு," என்றாள் தம்பி மனைவி.

"பொண்ணு மாப்பிள்ளதான் பழசு," என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்பதைத் தொட்டார். நான் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது. தம்பி இரண்டு தரம் முட்டிப் பார்த்தான். மூன்றாம் தரம்தான் திறந்தது. "மழைக்கு மரம் ஊறிருச்சுங்க மிஸ்."

"ஆடி மாசத்தில மழையா?"

"பழைய மரம் மிஸ். எங்க துரை மாதிரி, லேசுல அசையாது."

மிஸ் சிரிக்கவில்லை. வெளியே வந்து ஸ்டிக்கரை ஒட்டி, நிலையின் மூலையைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாக, "இந்தக் கதவு எப்ப இருந்து அக்கா இப்பிடி?" என்றார்.

"தெரியாதுங்க மிஸ்," என்றேன்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் பதுளைக்குப் போனபோது அவர் ஆபீசுக்கும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அவரே எங்கள் டிவிஷனைத் திரையில் தேடிக் காட்டினார். பச்சை. சுற்றியிருந்த தோட்டங்களில் சிலது சிவப்பு. ஆபத்தான இடங்களிலிருந்து மாற்ற வேண்டிய குடும்பங்களின் பட்டியலை அந்தச் சிவப்பிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். அதில் கடைசி லயம் இல்லை. அந்தப் பச்சை, மழைக்குப் பிந்திய தேயிலை போல அவ்வளவு அழகாக இருந்தது. தேநீரைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "அக்கா, மூடின பதிவை நான் நினைச்ச மாதிரித் திருத்த ஏலாது. நேரில வந்து திரும்பப் பாருங்கன்னு எழுதிக் குடுக்கலாம். நீங்க கையெழுத்து வைக்கணும்." வைத்தேன். என் பெயரை இவ்வளவு நெளிந்து நான் எழுதியதே இல்லை.

சில வாரங்களில் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது. போவதற்கு முதல் நாள் போன் எடுத்தார். "வியாழக்கிழமை ஆபீசில இருந்து ரெண்டு பேர் பார்க்க வருவாங்க. நான் இருக்கமாட்டேன். சுவரைத் தொட வேணாம்னு சொல்லுங்க. அவங்க கேட்க முந்தி நீங்க சொல்லிருங்க அக்கா." அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கட்டளை மாதிரி இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது.

தம்பியிடம் சொன்னேன். "எங்களக் காட்டிக் குடுக்கவா கையெழுத்து வச்ச? இறக்கிவிட்டா ஒன்னோட பிள்ளைக் காம்பராவுலயா படுப்போம்?" என்றான்.

வியாழக்கிழமை அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆறு வீட்டுச் சுவர்களும் வெள்ளை வெளேரென்று இருந்தன. பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று லயமே சேர்ந்து அடித்திருக்கிறது. சுண்ணாம்பு வாசனை அடித்தது. அடுப்படியில் புதுக் கலண்டர். தம்பி மனைவி பிஸ்கட்டும் பிளேன்டீயும் வைத்திருந்தாள். வந்தவர்களில் மூத்தவர் சுவரைப் பார்த்தார், கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "இதுதானா அம்மா?"

குரல் வரவில்லை. கலண்டரை எடுத்துக் கீழே வைத்தேன். அடுப்புப் பக்கத்தில் கிடந்த கரண்டிக் காம்பால் சுவரைச் சுரண்டினேன். ஈரச் சுண்ணாம்பு உரிந்து விழுந்தது, களிமண் கட்டியாகப் பெயர்ந்தது. "அண்ணி, வேணாம் அண்ணி," என்று தம்பி மனைவி என் முந்தானையைப் பிடித்தாள். உள்ளே கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. சுவருக்குப் பின்னால் மண் இருக்க வேண்டிய இடத்தில் குளிர்ந்த வெறுமை. கையை வெளியே எடுத்தபோது சேறு வழிந்தது. பிறகுதான் பேச்சு வந்தது. "இது போன மழையில இருந்து இருக்குங்க. அந்தக் கதவும்தான். நான் மிஸ்கிட்டப் பொய் சொன்னேன்."

அவர்கள் படம் எடுத்தார்கள். 'ஆம்' என்று பதிந்தார்கள். பட்டியலில் சேர்ப்பதாகவும், வீடு கிடைக்கும்வரை மழை பிடித்தால் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் விடியற்காலையில் மழை பிடித்தது. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய கதவு திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏற, தம்பியின் பிள்ளைகளை ஜன்னல் வழியாக இறக்கி எடுத்தோம்.