ஜாக்கியில் நின்ற வண்டி

மழை பெய்தால் போதும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களில் என் பிக்கப் வண்டி மாட்டிக்கொள்ளும். சேற்றில் இருக்கும் பின்சக்கரம் சும்மா சுற்றும். கெட்டித் தரையில் இருக்கும் இன்னொன்று வேடிக்கை பார்க்கும். இரண்டையும் சேர்ந்து இழுக்க வைக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஒன்றைப் பெங்களூரில் அலைந்து வாங்கி, மத்திகிரி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். இன்று, நாளை என்று இழுத்தடித்து ஒருவழியாக மாட்டினார்.

பின்பக்க வேலை முடிந்ததும் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டுச் சத்தம் கேட்பது அவர் வழக்கம். மற்ற வண்டிகளில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும், வண்டி நகராது.

"அண்ணா, இது ரெண்டு வீலையும் சேத்து சுத்தும். ரெண்டு பக்கமும் தூக்குங்க," என்றேன்.

"எத்தனை வண்டி பாத்திருக்கேன். நீங்க சும்மா இருங்க சார்."

ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டார். தரையிலிருந்த சக்கரம் பிடித்து இழுக்க, வண்டி ஜாக்கியைச் சாய்த்துவிட்டுப் பாய்ந்து ஷெட் சுவரில் முட்டியது. பம்பர் மடங்கி, ஹெட்லைட் நொறுங்கியது. 

அவர் நிதானமாக இறங்கினார். சுவரைப் பார்த்தார், பின்சக்கரத்தைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"நல்லா இழுக்குது சார். இனி சேத்துல பயமே இல்ல."