பிளானின் பின்பக்கம்

போன வெள்ளிக்கிழமை அக்காவின் புது வீட்டுக்கு வாசக்கால் வைத்தோம். அதற்கு முந்தின நாலு நாள் நான் மிதித்த சைக்கிளை நினைத்தால் இப்போதும் முழங்கால் வலிக்கிறது!

செங்கம் ரோட்டுப் பக்கம் மனை. கொஞ்சம் பள்ளம். நகராட்சிக்கு அலைந்து பிளானுக்கு அனுமதி வாங்கியது யார்? அடியேன்தான். முத்திரை விழுந்த அந்தக் காகிதத்துக்கு மாமா — அக்காவின் கணவர் — நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தினமும் கற்பூரம். பிரித்துப் படித்தவர்கள்...? பி.எஸ்ஸி. முடித்த நான் உட்பட ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை காலை. அஸ்திவாரம் எழும்பி நிற்கிறது. சுற்றிலும் வண்டி வண்டியாக மண் கொட்டுகிறோம். நகராட்சி ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டு மண்ணு கொட்றீங்க?"

"எங்க எடம். பர்மிஷன்லாம் வாங்கியாச்சுங்க" என்றார் மாமா.

"வீடு கட்டத்தான வாங்கினீங்க? கால்வாயை மூடவா வாங்கினீங்க? பின்வீட்டுக்காரரு மனு கொடுத்துட்டாரு. வேலைய நிறுத்துங்க."

கால்வாயா! மனையின் ஓரத்தில், ஒரு முழ அகலத்தில், எருக்கஞ்செடி மண்டிக் கிடந்த அந்தப் பள்ளமா? அதுதானாம், மலைத் தண்ணீர் ஏரிக்குப் போகிற வழி. அடைத்தால், பின்வீட்டு நயினாரின் கூடத்துக்குள் நுழையும்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசக்காலுக்குக் குறித்திருந்த வெள்ளிக்கிழமைதான் கார்த்திகையில் கடைசி முகூர்த்தம். தவறினால் மார்கழி தாண்டித் தை. வாடகை வீட்டையோ சித்திரைக்குள் காலி செய்தாக வேண்டும்!

ஓடிப்போய்ப் பிளானை எடுத்து வந்தேன். திருப்பினேன். பின்பக்கத்தில், டைப் அடித்த எழுத்தில், மூன்றாவது நிபந்தனை: 'மழைநீர் செல்லும் வழியை மூடலாகாது. மனையை மேடாக்குமுன் தனி அனுமதி பெறவும்.'

"காலேஜ் படிச்சவன் வாங்கினு வந்தான்னு நம்பினேன் பாரு!" என்றார் மாமா.

"நீங்க மட்டும்? தெனம் கற்பூரம் காட்டினீங்களே, ஒரு நாளாச்சும் திருப்பிப் பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

ஓவர்சியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளையடிக்கிறியா, ஒடைஞ்ச ஓடு மாத்துறியா... எங்களைக் கேக்க வேணாம். மாடி எடுக்கணும், காம்பவுண்ட் வைக்கணும், பள்ளத்தை மேடாக்கணும்னா மொதல்ல ஆபீசுக்கு வாப்பா!"

அப்புறம் நடந்தது ஓட்டப்பந்தயம். கொட்டிய மண்ணை வாரினோம். கால்வாயில் சிமெண்ட் குழாய் பதித்தோம். குழாயைப் பிளானில் வரைந்து நீட்டினேன். ஓவர்சியர் வந்து குனிந்து பார்த்தார். வியாழன் மாலை — தனி அனுமதியில் கையெழுத்து! இந்தத் தடவை ஆபீஸ் வாசலிலேயே நின்று, இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன்.

வெள்ளி காலை, தூறலோடு வாசக்கால் நிமிர்ந்தது. குழாயில் தண்ணீர் சலசலவென்று போகிறது. வெற்றிலைத் தட்டோடு நயினார் வந்தார்.

"மனுவும் போட்டுட்டு, வாழ்த்தவும் வந்துட்டீங்களா?" என்றார் மாமா.

"நேர்ல வந்து சொன்னா சண்டைக்கு வருவே. நாளைக்கு மூஞ்சில முழிக்கணுமில்ல? அதான் எழுதிப் போட்டேன்" என்றவர், வாசக்காலைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வேப்பமரம்யா!"

மாமா சர்க்கரைப் பொங்கலை முதலில் அவர் கையில்தான் கொடுத்தார்.

நல்ல கொத்தனார் எங்கும் கிடைப்பார்... சரியான நேரத்தில் மனு போடுகிற பின்வீட்டுக்காரர் அமைய வேண்டுமே!