பாக்குக் கன்றுகளுக்கு நடுவே தட்டைப்பயறு

கணவருக்கு முதுகில் ஆபரேஷன் முடிந்து போர்ட் பிளேரிலிருந்து நாங்கள் அந்தமானிலேயே எங்கள் ஊரான ரங்கத்துக்குத் திரும்பியபோது, மழை பிடித்து சில வாரங்கள் ஆகியிருந்தன. குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குள் போகவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு தோட்டத்தையே பார்த்தபடி நின்றார். போன வருடம் இருவருமாக நட்ட பாக்குக் கன்றுகள் கண்ணில் படவே இல்லை. புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்திருந்தது. அதற்குள் தொட்டாற்சுருங்கி முள் பின்னிக் கிடந்தது.

ரோடு வேலைக்குப் போகிற இரண்டு பேரை எப்படியோ பேசிப் பிடித்து, நானும் கூடச் சேர்ந்து வெட்டினேன். கன்றுகள் வெளியே வந்தன. மூச்சு விட்டு முடிப்பதற்குள் மழை மறுபடியும் புல்லைக் கிளப்பிவிட்டது. அந்த ஆட்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"களை மருந்து அடிச்சிடுவோம். வேற வழி இல்ல" என்றார் அவர்.

"கிணறு கீழ இருக்குங்க. அடிக்கிற மழையில எல்லாம் அதுலதான் வந்து சேரும்."

"அப்போ நீ ஒருத்தியே வெட்டிக்கிட்டுக் கெடப்பியா?"

அவர் கோபம் என் மேல் இல்லை, படுத்துக் கிடக்கிற தன் மேல்தான் என்று தெரிந்தது. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

குளியலறைத் தண்ணீர் போகும் ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்திருந்தது. ஒரு நாள் துணி அலசிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். சுற்றிலும் புல் மண்டியிருக்க, கொடி படர்ந்த இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. இலைகளை விலக்கிப் பார்த்தேன். வெறும் மண். வெயில் படாத இடத்தில் புல் எப்படி முளைக்கும்? வள்ளியைத் தோட்டம் முழுக்க விட்டால் கிழங்கு தோண்டும்போது கன்றுகளின் வேர் அறுந்துவிடும். தோண்ட வேண்டாத பயறுக்கொடி போட்டால் என்ன என்று தோன்றியது.

"களையை விரட்ட இன்னொரு கொடியா?" என்று சிரித்தார் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பஜாரில் தட்டைப்பயறு என்றால் கடைக்காரருக்குப் புரியவில்லை. இந்தியில் லோபியா என்றதும் எடுத்துக் கொடுத்தார். சமையலுக்கு விற்கிற பயறு முளைக்குமோ என்னவோ என்று ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் கட்டி வைத்துப் பார்த்தேன். முளைத்தது. மறுபடியும் புல்லை வெட்டி, கன்றுகளின் அடியை மட்டும் விட்டுவிட்டு, மீதி இடமெல்லாம் விதைத்தேன்.

இரண்டு இலை விட்டு அழகாக நின்ற பயிர் ஒரு காலையில் பாதிக்கு மேல் காணவில்லை. தண்டு மட்டும் குச்சி குச்சியாக நின்றது. மண்ணெல்லாம் பளபளவென்று நத்தைக் கோடுகள். இங்கே உள்ள நத்தைகள் கைமுஷ்டி அளவு இருக்கும். நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அவர் வாசலிலிருந்து பார்த்தார். உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்து, சாய்த்து வைத்திருந்த மூங்கில் ஒன்றின் நுனியைப் பிளந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"குனியக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு. நடக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

மறுநாளிலிருந்து விடிகாலையில் நிமிர்ந்து நின்றபடியே பிளந்த மூங்கிலால் நத்தைகளைக் கவ்வி எடுப்பார். நான் உப்புத்தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நடப்பேன். மறுபடியும் விதைத்தேன், இந்த முறை நெருக்கமாக. பயிர் பிழைத்தது. கொடி கன்றுகளின் மேல் ஏறாமல் அவ்வப்போது அறுத்துவிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மற்றபடி அது தன் பாட்டுக்குப் பரவியது.

பக்கத்து நிலத்து வங்காளி அக்கா மட்டும் பயந்தாள். "அரே தீதி, இதுக்குள்ள பூரான் வரும், சம்பால்கே, பாத்துப் போ!" என்று இந்தியும் தமிழுமாக எச்சரித்தாள். உண்மைதான். அதனால் ரப்பர் பூட்ஸ் போடாமல் யாரும் உள்ளே இறங்கவில்லை.

மழை கொஞ்சம் விட்ட ஒரு மதியம் அவரைத் தோட்டத்தின் நடுவே கூட்டிப்போனேன். ஒரு கன்றிலிருந்து அடுத்த கன்று வரைக்கும் பச்சை மூடிக் கிடந்தது. மூங்கில் நுனியால் அவரே இலைகளை ஒதுக்கினார். ஈரமான கருப்பு மண். வேறு இடத்தில் ஒதுக்கினார், அங்கேயும் அப்படித்தான். மேட்டுப் பக்கம் கோரை மட்டும் விடாப்பிடியாக அங்கங்கே தலை நீட்டியது. அதைக் கையால் பிடுங்கிவிடலாம். தொட்டாற்சுருங்கி தேடினாலும் இல்லை.

"மருந்து வாங்கலியே நீ?" என்றார்.

"இல்ல."

"நல்லதாப் போச்சு." பெருமூச்சு விட்டு என் தோளில் கை வைத்தார். வலியில் பிடிக்கிற பிடி இல்லை அது. "ராத்திரியெல்லாம் இந்தப் புல்லுதான் கண்ணுல நிக்கும். உன்கிட்ட சொல்லல."

"எனக்கும்தான்" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பிஞ்சுக் காய்களாகப் பார்த்துப் பறித்து மடியில் கட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அதைத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். அவர் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.