எஸ்தர் அக்காவின் ப்ளைவுட் வானம்

எஸ்தர் அக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

வீசிங் அதிகமாகி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன... ஆட்டோ நகரவே இல்லை.

நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். இது அம்மாவின் அக்கவுன்ட். அக்காவைத் தெரிந்தவர்கள் பலர் இதில் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

திருவொற்றியூர் ஹவுசிங் போர்டில் எங்களுக்கு நேர் மேல்வீடு அக்காவுடையது. ஏற்றுமதிச் சாமான்களை பேக் செய்யும் கம்பெனியில் வேலை. போன கோடை விடுமுறையில் இருவரும் ஒன்றாகத்தான் அக்ரிலிக் பெயின்டிங் ஆரம்பித்தோம். இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சாகப் போட வேண்டும் என்பது ஆசை. எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற கடல் அப்படித்தான் இருக்கும்... அடுக்கடுக்காக, கலங்கலாக.

யானைக்கவுனிக் கடையில் முதலில் பாட்டில் கலர் வாங்கினோம். தண்ணீர் கலந்ததும் நீலம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது.

ட்யூபில் நிறம் அடர்த்தி, கரைத்தாலும் நிற்கும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னேன். மறுபடி போனோம். பெரிய செட்டாக வாங்கலாம் என்றேன் நான். நல்ல ட்யூபாக மூன்றே மூன்று போதும் என்றார் அக்கா. கவுன்டரிலேயே வாக்குவாதம்.

"பெயின்ட் வாங்க வந்தீங்களா, பஞ்சாயத்துக்கு வந்தீங்களாம்மா?" என்றார் கடைக்கார பாய்.

"இன்னா பாய் பண்றது, புக்கு படிக்கிற பொண்ண கூட கூட்டினு வந்துட்டேன்" என்றார் அக்கா. அன்றிலிருந்து என் பெயர் புக்கு.

அக்கா சொன்னதுதான் சரி. நீலம், பிரவுன், வெள்ளை. அந்த நீலத்தில் பிரவுனைக் கலந்தால் எங்கள் கடலின் சாம்பல் நிறம் அப்படியே வந்தது.

எதன் மேல் வரைவது என்பதுதான் பெரிய பாடு. பேப்பர் உப்புக்காற்றில் நமுத்து, தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளிந்தது. கேன்வாஸ் போர்டிலோ கரைத்த பெயின்ட் பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டது.

கடைசியில் அக்கா கம்பெனியில் கழித்துப்போட்ட ப்ளைவுட் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். உப்புத்தாளால் தேய்த்து, ஜெஸ்ஸோ என்கிற வெள்ளைப் பூச்சை அடித்து, காய்ந்ததும் மறுபடி லேசாகத் தேய்த்தோம். பெயின்ட் அழகாகப் பரவியது.

ஆனால் அது காய்வதற்குள் சுற்றியிருக்கும் கம்பெனிகளின் கரித்தூள் காற்றில் வந்து உட்கார்ந்துவிடும். எங்கள் கொடியில் காயும் துணியில் படிகிற அதே தூள்.

முதல் படம் ஒரு படகு. நன்றாகக் காய்ந்த பிறகு, தூளை மட்டும் எடுக்கலாம் என்று அக்கா ஈரத்துணியால் ஒற்றினார். படகே துணிக்கு வந்துவிட்டது.

வெறும் தண்ணீரில் ரொம்பக் கரைத்தால் பெயின்ட்டின் பசை பிரிந்து, பிடிமானம் போய்விடுமாம். தண்ணீரோடு மீடியம் கலக்க வேண்டும். பால் மாதிரி இருந்து கண்ணாடி மாதிரி காயும் ஒரு பசை அது. நான் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அக்கா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"தண்ணி போதும் புக்கு. அது கொழகொழன்னு கீது, எனுக்கு கை வரல."

"தொடைச்சா போயிடும்க்கா."

"எவன் வந்து தொடைக்கப் போறான்? மியூசியத்துலயா மாட்டப் போறோம்?"

வரைந்துகொண்டே இருப்பார், திடீரென்று மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். இன்ஹேலர் எப்போதும் பெயின்ட் டப்பாவுக்குள்தான் கிடக்கும்.

"டாக்டரு சிகரெட் புடிப்பியான்னு கேக்குறாரு. ஏரியாவே புடிச்சிகினு கீது சார், நா வேற தனியா புடிக்கணுமான்னு கேட்டுட்டு வந்தேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

போன வாரம் எனக்குப் பரீட்சை, மாடிக்குப் போகவில்லை. அக்கா தனியாகவே ஒரு பெரிய ப்ளைவுட்டில் வானத்தை மட்டும் முடித்திருந்தார். கீழே கடல் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. வானம் முழுக்கக் கரும்புள்ளிகள்... தூள் விழ விழ அதன் மேலேயே அடுத்த பூச்சைப் போட்டிருக்கிறார்.

எதில் கரைத்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் அக்காவின் அம்மா, ஸ்டெல்லா ஆன்டி, அந்தப் பலகையை எடுத்துவரச் சொன்னார். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டு அதில் சாய்த்து வைத்தோம். ஆன்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, வானம் பூரா கரியா கீது? எம்பொண்ணு வரஞ்சதுல இம்மாங் கலீஜ் எப்டி வந்துச்சு?"

அக்காவின் முகத்தைத் துடைத்த ஈரமான வெள்ளைத் துண்டு ஆன்டியின் கையிலேயே இருந்தது.

"வேணாம் ஆன்டி. தொடைச்சா கலர் வந்துரும்" என்றேன். என் குரல் வெளியே கேட்டதா என்று தெரியவில்லை. மற்றதெல்லாம் அந்தப் படகு மாதிரியே துணியோடு போய்விட்டன; அக்கா வரைந்ததில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வானம்தான்.

ஆன்டி துடைத்தார். லேசாக இல்லை. ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை, தரையைத் துடைப்பது போல அழுத்தி... திரும்பத் திரும்ப.

நான் படத்தைப் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்தேன்.

வெள்ளையாகவே இருந்தது. நீலமும் வரவில்லை, கரியும் வரவில்லை.

"போவ மாட்டேங்குதேடி" என்றார் ஆன்டி.

"போகாது ஆன்டி. அக்கா மீடியம் கலந்திருக்காங்க."

நாளை மதியம் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

பிரஷ்ஷைக் கழுவாமலே விட்டுட்டீங்க அக்கா... கல்லா காஞ்சிடுச்சு. பரவாயில்ல, எங்கிட்டயே இருக்கட்டும். போய்ட்டு வாங்க.